பள்ளி வழிபாடு, பசு ஆராய்ச்சி, தேர்தல் மேடை: நம்பிக்கைக்கு எங்கே எல்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். பெங்களூரு அல்சூர் பக்கம் குடியிருக்கும் தமிழர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் மகள் படிக்கும் உதவிபெறும் பள்ளியில், எங்கள் மதமல்லாத வழிபாட்டில் அவள் தினமும் கைகூப்பி நிற்க வேண்டியிருக்கிறது. நம் வரிப்பணம் கோமிய ஆராய்ச்சிக்குப் போகிறது என்கிறார்கள். தேர்தல் வந்தால் கோயில் மண்டபத்திலேயே ஓட்டு கேட்கிறார்கள். எது சரி, எது தவறு? என்னைப் போன்றவர் என்ன செய்ய முடியும்?"

மூன்றுக்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைப்பேன்: அங்கே 'இல்லை' என்ற பதிலுக்கு இடம் இருக்கிறதா? பள்ளியில் பெற்றோர் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? ஆய்வுக்கூடத்தில் சோதனை 'பலனில்லை' என்று காட்ட முடியுமா? வாக்குச்சாவடியில் சாமி குத்தமாகிவிடுமோ என்ற பயமில்லாமல் 'உனக்கு இல்லை' என்று பொத்தானை மாற்றி அழுத்த முடியுமா? இடம் இருந்தால் நம்பிக்கை அங்கே தாராளமாக இருக்கட்டும். இடம் இல்லாவிட்டால், அது எந்த மதத்தின் பெயரில் நடந்தாலும் எதிர்க்க வேண்டியதுதான். நம் சட்டமும் பெரும்பாலும் இந்தத் திசையிலேயே நிற்கிறது.

பள்ளியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கையில் நேரடியாக உரிமை இருக்கும் இடம் அதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவைப் பாருங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மதபோதனை நடக்கலாம், வழிபாடு நடக்கலாம். ஆனால் எந்த மாணவரையும் அதில் கலந்துகொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது. 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். இதை 28(3) என்பார்கள். பலர் கவனிக்காமல் விடுவது 'அங்கீகாரம் பெற்ற' என்ற சொற்களை. அரசிடம் ஒரு பைசா வாங்காமல் கட்டணத்தில் மட்டுமே நடக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியும் அதற்குள் வந்துவிடும். "நாங்கள் தனியார், எங்கள் இஷ்டம்" என்ற பதில் செல்லாது.

"நாங்கள் சிறுபான்மைப் பள்ளி" என்பதும் செல்லாது. 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி தொடங்கவும் நடத்தவும் உரிமை தருகிறது. பிள்ளையின் மனச்சாட்சியைப் பள்ளிக்கு எழுதிக் கொடுப்பதில்லை. இது நமக்கும் பொருந்தும். சிறுபான்மை யார் என்பதை மாநிலவாரியாகத்தான் கணக்கிட வேண்டும் என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதன்படி கர்நாடகத்தில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர். பெங்களூரில் தமிழ் அறக்கட்டளை ஒன்று நடத்தும் பள்ளி 30-ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோரலாம். அந்தப் பள்ளியில் காலையில் தேவாரம் பாடினால், அதில் சேர விரும்பாத கன்னடப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் அதே 28(3) உண்டு. நம் பள்ளி என்றால் மட்டும் அளவுகோலை மாற்றக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. முதலில் பள்ளி எந்த வகை என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. கர்நாடகப் பள்ளி என்றால் 29-இல் தொடங்கும். அந்த எண்ணைப் போட்டு யூடைஸ் பிளஸ் தளத்தில் பார்த்தால் நிர்வாகம் அரசா, உதவிபெறுவதா, உதவிபெறாத தனியாரா என்று தெரியும். அடுத்து, சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "பள்ளியின் எல்லா நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்வோம்" என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டதையே ஒப்புதல் என்று பள்ளி காட்டும். அதனால் கடிதத்தில் அந்த வரியையே குறிப்பிட்டு, வழிபாட்டைப் பொறுத்தவரை ஒப்புதல் தரவில்லை அல்லது தந்ததைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத வேண்டும்.

கடிதம் ஐந்தாறு வரி போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்த வழிபாடு, 28(3)-இன்படி ஒப்புதல் இல்லை, அந்த நேரத்தில் அவள் நூலகத்திலோ வகுப்பறையிலோ இருக்க ஏற்பாடு வேண்டும். அவ்வளவுதான். அந்த மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தலைமையாசிரியர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நியாயமான கால அவகாசத்துக்குப் பிறகும் பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.வுக்கும், அதன் மேல் மாவட்டத் துணை இயக்குநரான டி.டி.பி.ஐ.க்கும் நகலோடு எழுதலாம்.

இது எங்கே கெட்டுப்போகும் என்றால், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில். கடிதம் கொடுப்பதற்கு முன்பே குழுவில் போட்டுவிட்டால் ஒப்புதல் பற்றிய சின்னக் கோரிக்கை இரவோடு இரவாக மதச் சண்டையாக உருமாறும். மறுநாள் வகுப்பில் அதன் சுமையை உங்கள் மகள்தான் தூக்குவாள். இன்னொன்று: வழிபாடு நடக்கவே கூடாது என்று கேட்காதீர்கள். உதவிபெறும் பள்ளியில் அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. உங்கள் பிள்ளையை விலக்கக் கேட்கத்தான் உரிமை.

முழு அரசுப் பள்ளிகளில் பாடப்படும் இறைவணக்கம் எந்தப் பக்கம் சேரும் என்பது இன்னும் தீராத கேள்வி. கேந்திரிய வித்யாலயாக்களில் சமஸ்கிருத, இந்தி வழிபாட்டுப் பாடல் கட்டாயமாக இருப்பதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அரசமைப்பு அமர்வின் விசாரணைக்கு அனுப்பியது. உடை பற்றிய ஹிஜாப் வழக்கிலும், கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று சீருடை பற்றிய மாநில அரசாணையை ஏற்ற பிறகு, உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் 2022 அக்டோபர் 13 அன்று எதிரெதிர்த் தீர்ப்பு எழுதினார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். மதச்சார்பின்மை என்றால் பாடப்புத்தகத்தில் மதமே இருக்கக் கூடாது என்பதல்ல. தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அது சாத்தியமும் இல்லை. தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் எடுத்துவிட்டால் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓட்டை விழும். கர்நாடகத்தில் பசவண்ணரின் வசனங்கள் இல்லாமல் கன்னடப் பாடம் இல்லை. குரு நானக்கின் வாழ்க்கையையும் போதனைகளையும் ஆய்வுப் பொருளாகப் படிப்பது மதபோதனை ஆகாது என்று 1971-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், மதங்களைப் பற்றிய கல்வி வேறு மதபோதனை வேறு என்று 2002-இல் அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'இந்தப் பாடலில் அப்பர் என்ன சொல்கிறார், எந்தக் காலம், சமணத்தோடு என்ன வாதம்' என்று கேட்பது பாடம். எல்லோரும் எழுந்து நின்று பாடுங்கள், பாடாதவர் வெளியே நில்லுங்கள் என்றால் அது போதனை. என் கருத்தில் நம் பள்ளிகளில் மதங்களைப் பற்றிய கல்வி போதவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று தெரியாத பிள்ளைக்கு, அதைத் தேர்தல் மேடைக்காரர்தான் சொல்லித் தருவார்.

அறிவியல் பாடத்தில் கதை வேறு. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 2023-இல் அச்சான புத்தகத்தில் 'மரபுவழி' என்று சுருங்கியது. தனிம அட்டவணையும் பத்தாம் வகுப்பிலிருந்து போனது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர் சுமையைக் குறைத்தோம், பரிணாமம் 12-ஆம் வகுப்பு உயிரியலில் இருக்கிறது என்பது அதிகாரப்பூர்வ விளக்கம். விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் விளைவு மாறாது: பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு வணிகமோ கணினியோ எடுக்கும் பிள்ளை டார்வினைச் சந்திக்காமலே பள்ளியை முடித்துவிடும். 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தது அதனால்தான். பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பழைய பதிப்பின் ஒன்பதாம் பாடத்தை வாங்கி வீட்டில் படிக்க வையுங்கள். ஆசிரியர் விரும்பினால் வகுப்பில் அதைப் பேசவும் தடையில்லை. தேர்வில் வராது, அவ்வளவுதான்.

இனி ஆராய்ச்சிப் பணம். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

நம்பிக்கையும் அறிவியலும் இயல்பிலேயே பகை என்று நினைக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் மல்லேஸ்வரத்துக்கு அப்பால் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் தொடக்கத்தையே பாருங்கள். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1898 நவம்பர் 23 அன்று விவேகானந்தருக்கு எழுதிய கடிதத்தில், துறவு உணர்வை அறிவியல் வளர்ச்சிப் பக்கம் திருப்ப முடியுமா, அதற்கு நீங்கள் தலைமை ஏற்பீர்களா என்றுதான் கேட்டார். விவேகானந்தர் பொறுப்பை ஏற்கவில்லை. ஆனால் அவருடைய இயக்கத்தின் இதழ் அந்தத் திட்டத்தை ஆதரித்து எழுதியது. மைசூர் அரசு நிலம் கொடுத்தது. 1909-இல் கழகம் பிறந்தது. அதே ஊரில், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா 1976-இல் அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து, சத்ய சாயி பாபாவுக்குக் கடிதம் எழுதி, சோதனைக்கு வாருங்கள் என்று அழைத்தார். பதில் வரவில்லை. அறிவியலாளர் திருப்பதிக்குப் போகலாம், நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னதாக ராமானுஜன் நம்பலாம். அந்தக் கணக்கைக் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி தாளில் சரிபார்க்க முடிந்தது என்பதுதான் அறிவியலுக்கு வேண்டியது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முடிவை முதலில் எழுதிவிட்டு ஆய்வை அதன் பிறகு கேட்கும்போது. 2020 பிப்ரவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, வேறு சில துறைகளோடு சேர்ந்து, நாட்டுப் பசுக்களின் பொருட்கள் பற்றிய சூத்ரா-பிக் என்ற திட்டத்துக்கு ஆய்வு முன்மொழிவுகளைக் கோரியது. பசுக்களின் தனித்தன்மை, மருத்துவம், வேளாண்மை, உணவு, பயன்பாட்டுப் பொருட்கள் என்று அதில் தலைப்புகள். 500-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் பசுவை எதிர்க்கவில்லை. மாட்டுப்பால், சாணம் எல்லாவற்றையும் ஆராயலாம், வேளாண் நிறுவனங்கள் ஏற்கெனவே ஆராய்கின்றன. நாட்டுப் பசு தனிச்சிறப்பு உடையது என்று அழைப்பிலேயே தீர்மானித்துவிட்டால், 'அப்படி ஒன்றும் வேறுபாடு இல்லை' என்ற முடிவோடு வரும் ஆய்வாளருக்கு அடுத்த தவணைப் பணம் வருமா என்பதே அவர்கள் கவலை.

அதற்கு நேர்மாறான பாதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. சர்ப்பகந்தி வேர் நூற்றாண்டுகளாக நம் வைத்தியத்தில் இருந்தது. 1931-இல் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து அஜ்மலீன் என்ற வேதிப்பொருளைப் பிரித்தார். 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் அந்த வேரைப் பயன்படுத்திக் கிடைத்த பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ரெசர்பைன் பிரிக்கப்பட்டது. அது உலகம் முழுக்க மருந்தானது. கதை அங்கே முடியவில்லை. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் பதிவாயின, நல்ல மருந்துகள் வந்தன, ரெசர்பைன் பின்னுக்குப் போனது. 'ஆம்' சொன்ன அதே சோதனை முறைதான் பிறகு 'போதும்' என்றும் சொன்னது. பழைய அறிவுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை இப்படிச் சோதித்துப் பார்ப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதே அளவுகோலைச் சித்த மருத்துவத்தின் மேலும் வைக்கத் தமிழர்கள் தயங்கக் கூடாது. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரும் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் அரசே கொடுத்தது. குடித்தவர் பெரும்பாலோர் குணமானார்கள். குடிக்காதவரிலும் பெரும்பாலோர் குணமானார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 'கொடுத்தோம், குணமானது' என்று எண்ணிக்கை சொன்னால் அதிலிருந்து எதுவும் தெரியாது. பழைய நூலில் உள்ள செய்முறைப்படி தயாரிக்கும் மருந்து உரிமம் வாங்க, பொதுவாக நூலாதாரமே போதும், புதிய மருத்துவச் சோதனை கேட்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 'இல்லை' வருவதற்கான வாசலே திறக்கப்படுவதில்லை.

ஒரு ஆய்வு உருப்படியானதா என்று நீங்களே பார்க்கலாம். இந்தியாவில் மனிதர்கள்மீது நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-இல் தொடங்கியது; 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு கிடைக்கும். அதில் முதலில் பதிவுத் தேதியையும் முதல் நோயாளி சேர்ந்த தேதியையும் ஒப்பிடுங்கள். நோயாளி முந்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒப்பீட்டுக் குழு உண்டா, எத்தனை பேர், யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்களா, முதன்மை அளவீடு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியான கட்டுரையைப் பாருங்கள். முதலில் 'காய்ச்சல் எத்தனை நாளில் நின்றது' என்று பதிந்துவிட்டு, கட்டுரையில் 'நோயாளிக்குச் சோர்வு குறைந்தது' என்று பெருமைப்பட்டால், முதல் கேள்விக்குப் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பணக் கணக்கில் மிகைப்படுத்த வேண்டாம். கோமிய ஆராய்ச்சிக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று பரவும் செய்திகளை நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கையோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஆயுஷ் அமைச்சகத்துக்குச் சுமார் 3,700 கோடி ரூபாய், ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அடங்கிய சுகாதார ஆராய்ச்சித் துறைக்குச் சுமார் 3,300 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்து உடனே கொதிக்கவும் கூடாது. ஆயுஷ் தொகையில் மருத்துவமனை, கல்லூரி, மாநிலங்களுக்கான திட்டம் எல்லாம் அடக்கம். உண்மையான வறுமை வேறிடத்தில் இருக்கிறது. 2020-21 கணக்குப்படி நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள்; அதில் 36,000 கோடி அரசு அல்லாத இடங்களிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். பானை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, எந்தத் தலைப்பில் எழுதினால் பணம் கிடைக்கும் என்று இளம் ஆய்வாளர்கள் மோப்பம் பிடிக்கத் தொடங்குவதுதான் தொகையைவிடப் பெரிய சேதம்.

குறிப்பிட்ட திட்டத்தின் கணக்கு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்தியத் துறை என்றால் இணையத்தில் 10 ரூபாய் கட்டி 3,000 எழுத்துக்குள் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். கர்நாடக அரசுத் துறை என்றால் அந்த மாநில விதி வேறு: ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொற்களுக்குள். இதைத் தெரியாமல் நீளமாக எழுதித் திருப்பி வாங்கியவர்கள் ஏராளம். "ஏன் இப்படிப் பணத்தை வீணடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும், அதிகாரியின் கருத்தைத் தராது. முன்மொழிவு அழைப்பின் நகல், தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்பு, ஒப்பளிப்பு ஆணை, பயன்பாட்டுச் சான்றிதழ், இறுதி அறிக்கை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இறுதி அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

"என் வரிப்பணத்தை ஒரு மதத்துக்குச் செலவிட 27-ஆம் பிரிவு தடை செய்கிறதே" என்று வழக்குப் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் தோற்கும். ஹஜ் மானியத்தை எதிர்த்த பிரபுல் கோராடியா வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், வரியின் கணிசமான பகுதி ஒரு மதத்துக்குப் போனால்தான் அந்தப் பிரிவு மீறப்படும் என்றது. அந்த மானியத்தைப் பத்தாண்டுக்குள் படிப்படியாக நிறுத்தும்படி 2012-இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது; 2018-இல் அரசு நிறுத்தியது. ஜோதிடப் பட்டப்படிப்புக்கு யு.ஜி.சி. பணம் கொடுத்ததை எதிர்த்து அறிவியலாளர் பி.எம். பார்கவா போட்ட வழக்கும் 2004-இல் தள்ளுபடியானது. எதைப் பாடமாக்குவது என்பது கல்வியாளர்கள் முடிவு செய்ய வேண்டியது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. நீதிமன்றம் அறிவியலைக் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

நம்பிக்கை உள்ளே வந்ததும் நல்ல கேள்விகள் எப்படிக் காணாமல் போகும் என்பதற்குத் தமிழர்களுக்குச் சேதுசமுத்திரத்தைவிடச் சான்று வேண்டாம். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம்; 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழக் கால்வாய், மதிப்பீடு 2,427 கோடி. அதைப் பற்றிக் கேட்க வேண்டிய கனமான கேள்விகள் இருந்தன. பாக் நீரிணையில் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எவ்வளவு வண்டல் சேரும், தூர்வார ஆண்டுக்கு எவ்வளவு? மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் என்னாகும்? பெரிய கப்பல்கள் அந்த ஆழத்தில் போக முடியாது என்றால் வருமானம் எங்கிருந்து? கால்வாய்க்குள் மெதுவாகப் போகும் கப்பலுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் மிச்சம்? 2007 செப்டம்பரில் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், ராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்றது. ஓரிரு நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகு ராமர் இருந்தாரா, எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்றே இரு தரப்பும் பேசின. மீனவர் கேட்ட கேள்வியும் கடல் உயிரியலாளர் கேட்ட கேள்வியும் அந்தச் சத்தத்தில் அமுங்கின. 2018-இல் மத்திய அரசு, ராமர் பாலத்துக்குச் சேதம் வராமல் மாற்றுப் பாதை பார்ப்போம் என்றது. திட்டம் நின்றது எனக்கு வருத்தமில்லை. எந்தக் கணக்கைப் பார்த்து நிற்க வேண்டுமோ அதைப் பார்த்து நிற்கவில்லையே என்பதுதான் வருத்தம். நம்பிக்கையைக் கேலி செய்து பேசிய மேடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேலி செய்தால் எதிராளி கணக்கைப் பார்க்க மாட்டார், கோயிலைத்தான் பார்ப்பார்.

கடைசியாகத் தேர்தல். மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்று 1994-இல் உறுதியான தீர்ப்பு, கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் வந்தது. ஆனால் உங்களுக்கு உதவுவது அதைவிடச் சிறிய சட்டங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 123(3) பிரிவு, மதத்தின் பெயரால் வாக்கு கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். அதே 123-இல், ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பதும் முறைகேடு. கற்பூரம் ஏற்றி, குலதெய்வத்தின்மேல் சத்தியம் வாங்கும் பழக்கம் நம் ஊர்த் தேர்தல்களில் உண்டல்லவா? அது நேராக இதில் மோதுகிறது. மடாதிபதி ஒருவர் எனக்கு இவரைப் பிடிக்கும் என்று சொல்லலாம். சீடர்களுக்கு வேறு வழியே இல்லாதபடி கட்டளையாகச் சொன்னால் தேர்தலே செல்லாது. 1959-இல் ராம் தயால் வழக்கில் நாம்தாரி என்ற சீக்கியப் பிரிவின் குரு இட்ட கட்டளையால் ஒரு வெற்றி அப்படித்தான் ரத்தானது.

நீங்கள் கேட்ட கோயில் மண்டபப் பிரச்சாரத்துக்குத் தனிச் சட்டமே உண்டு: மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். வழிபாட்டு இடத்தை அரசியல் வேலைக்கு விட்டால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பொறுப்பு பேசியவரோடு நிற்காது, இடத்தை நிர்வகிப்பவர்மேலும் விழும். அதனால் பெரும்பாலான நேரங்களில் புகாருக்கு முன்பே ஒரு வழி இருக்கிறது: கோயில் தர்மகர்த்தாவையோ, மசூதி, தேவாலய நிர்வாகியையோ நேரில் பார்த்து இந்தச் சட்டத்தின் நகலைக் கொடுங்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள்.

அப்படியும் நடந்தால், தேர்தல் நடத்தை விதிகள் அமலில் உள்ள நாட்களில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்யலாம். செயலிக்குள்ளேயே எடுத்த படமும் காணொளியும்தான் ஏறும், காணொளி இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. யாரோ அனுப்பியதை ஏற்ற முடியாது. இடம் தானாகப் பதிவாகும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்போது புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது.

தேர்தலையே எதிர்த்து மனு போடுவதென்றால் அந்தத் தொகுதி வாக்காளரோ வேட்பாளரோதான் போட முடியும். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில், 2,000 ரூபாய் காப்புத் தொகையோடு. இத்தகைய மனுக்கள் அதிகம் விழுவது இரண்டு இடத்தில். மேடையில் பேசியவர் வேட்பாளரோ அவர் முகவரோ இல்லையென்றால், வேட்பாளரின் சம்மதத்தோடு பேசினார் என்று நிரூபிக்க வேண்டும். அதே மேடையில் வேட்பாளர் உட்கார்ந்திருக்கும் காட்சி அதற்கு உதவும். இன்னொன்று மின்னணுச் சான்று. பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் காணொளி நிற்காது. ஆகவே வெட்டி ஒட்டாத முழுப் பதிவும், அது பதிவான கைபேசியும், பதிவு செய்தவரும் மூன்றும் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த துண்டை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனால் அவரால் எதுவும் செய்ய முடியாது.